ஒல்லிக் கம்பி

“இஞ்சினியர் தம்பி, இரும்புக் கடைக்காரன் உங்களுக்கு மாமனா, மச்சானா?”

எஸ்டேட் முதலாளி சௌந்தரபாண்டியன் கேட்டதும் கூலியாட்கள் சிரித்தார்கள். இஞ்சினியர் உக்கிரபாண்டியின் முகம் சுருங்கிப்போனது.

போடி மெட்டுக்கு மேலே, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் எழும்பிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கு இரும்புச் சட்டம் ஏறவேண்டும். சட்டத்தின் இரண்டு முனையும் விரிந்துவிடாமல் குறுக்கே இழுத்துப் பிடிக்கிற கம்பி கனமாக வேண்டும் என்று அவன் சொன்னதில்தான் தகராறு.

“இழுக்கிறதுக்குத்தானே தம்பி? கிணத்துல தண்ணி இழுக்கிற கயிறு தூண் கனத்துக்கா இருக்கு?”

“இழுவையைத் தாங்கும், அண்ணாச்சி. நான் இல்லேங்கல. ஆனா நீளத்துக்கு ஏத்த கனம் வேணும். இல்லேன்னா நடுவுல தொய்யும், ஆடும். மலைக்காத்து கூரையைத் தூக்குச்சுன்னா இழுபடுற கம்பியே ரெண்டு முனையிலயும் நெருக்குப்பட்டு அமுங்கும். ஒல்லியா இருந்தா மடங்கிரும். இதுக்குன்னு ஒரு வரம்பு இருக்கு.”

“யாரு போட்ட வரம்பு?”

“புஸ்தகத்துல இருக்கு. அதுவும் போக, பொம்பளைங்க இதுல தூளி கட்டுவாங்க. பழைய ஸ்டோர்ல பாத்தேன்.”

“எஸ்டேட்டுப் பிள்ளைங்க என்ன கனம் இருக்கும்? எலிக்குஞ்சு மாதிரி. வெரசா ஒல்லிக் கம்பியையே ஏத்துங்க. முடியாதுன்னா சொல்லுங்க, மதுரையில ஆளுக்கா பஞ்சம்?”

உக்கிரபாண்டி ஏற்றினான். இழுவையைத் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காய்ப் பறிப்பு தொடங்கிய பிறகு அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஜீப்பில் ஏறும்போதே, “கம்பி மடங்கிருச்சா?” என்று வந்த ஆளிடம் கேட்டான்.

ஸ்டோரில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கம்பிக்குக் கம்பி தூளி. அவர்களில் ஒருத்தி, சோலையம்மாள், கால் விரலில் கயிற்றை மாட்டித் தன் பிள்ளையை ஆட்டினாள். கம்பியும் கூடவே ஆடியது.

“பாத்தீங்களா தம்பி, விழுந்துருச்சா? பிள்ளைகளும் தூங்குது, சோலியும் நடக்குது.”

அப்புறம் தோளில் கைபோட்டு, ஸ்டோரின் கோடியில் தான் தங்கும் அறைக்குக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க சொன்னதுதான் சரி. கனமாவே போட்டுருவோம்.”

உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு வாரத்துல எல்லாத்தையும் மாத்திருவேன், அண்ணாச்சி.”

“எல்லாம் எதுக்கு? இந்த அறைக்கு மேல ஓடுற ஒண்ணு மட்டும் போதும். நாளைக்கு மக லில்லி கைப்பிள்ளையோட வர்றா. பேரனுக்கு இங்கதான் தூளி.”