கொலுசோடு ஆறு முந்நூறு

கடைசிக் குழந்தை அவளுடையது.

தொங்குதராசின் துணிப்பையில் மகளை உட்கார வைத்தாள். முள் ஆடி, ஆறு கிலோ முந்நூறில் நின்றது.

பச்சை.

எட்டு மாதப் பெண் குழந்தைக்குப் பச்சை அங்கேதான் தொடங்குகிறது. வளர்ச்சி அட்டையைப் பார்க்க வேண்டியதில்லை. பதினோரு வருட அங்கன்வாடி வேலையில் எல்லாம் மனப்பாடம்.

குழந்தை காலை உதைத்தது. கொலுசு குலுங்கியது.

கழற்ற மறந்துவிடவில்லை. கழற்றவில்லை, அவ்வளவுதான்.

காலையிலிருந்து பத்தொன்பது குழந்தைகள். கொலுசு, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது அவள்தான். வெள்ளியை எடை போட இது என்ன நகைக்கடையா என்று மாதாமாதம் சொல்வதையே சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்ததும் அவள்தான்.

பேச்சித்தாயின் மகனிடம் கழற்ற ஒன்றுமில்லை. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. அதையும் அவிழ்க்கச் சொன்னாள்.

அவன் மஞ்சளில் விழுந்தான், எடை குறைவு.

"ஏம்மா, புள்ளைக்குச் சோறு குடுக்கியா, வெறும் தண்ணியக் குடுக்கியா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டாள். பேச்சித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தோடு விட்டாளா? கூழ் கெட்டியாக இருக்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட வேண்டும், பாட்டில் கூடவே கூடாது. கரண்டியைச் சாய்த்தும் காட்டினாள்.

அவள் வீட்டிலேயே பாட்டில்தான்.

எட்டரைக்கு மையத்தைத் திறக்க வேண்டும். கரண்டியில் ஊட்டினால் முக்கால் மணி நேரம். மகள் துப்புவாள், சிரிப்பாள், மறுபடி துப்புவாள். கூழில் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைத்தால் பாட்டிலில் இறங்கிவிடும். ரப்பரின் துளை போதவில்லை. ஊசியைச் சுட்டுப் பெரிதாக்கினாள். இப்போது சேலை கட்டி முடிப்பதற்குள் பாட்டில் காலி. மதியத்துக்கும் அதே போல் ஒன்று கலந்து, பிள்ளையோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள்.

குடித்ததும் பிள்ளை தூங்கிவிடுகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று தன்னையே நம்ப வைத்திருந்தாள்.

போன மாதம் எடை போடவில்லை. காய்ச்சல் என்று எழுதினாள். காய்ச்சல் இல்லை.

பேனாவை எடுத்தாள். அட்டையின் பச்சைப் பட்டைக்கு மேல் அது நின்றது.

பச்சையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மஞ்சள் என்றால், பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று தாயைக் கேட்க வேண்டும். கேட்பது அவள் வேலை. கேட்காவிட்டால் நாளைக்கும் அதே பாட்டில்.

கொலுசு மறுபடி குலுங்கியது.

அறையில் ஒருத்தி மிச்சம் இருந்தாள். பேச்சித்தாய், மகனின் இடுப்பில் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கொலுசைப் பார்த்தாள். தராசின் முள்ளைப் பார்த்தாள். பிறகு பேனாவை.

பேச்சித்தாய் சிரிப்பாள் என்று அவள் காத்திருந்தாள். சிரித்துத் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது.

பேச்சித்தாய் மகனைப் பாயில் விட்டுவிட்டு எழுந்து வந்தாள். கையை நீட்டினாள்.

"கொலுச இங்க தாங்க டீச்சர். நான் வச்சிருக்கேன்."

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கொலுசின் திருகு அவள் விரலுக்குப் பிடிபடவில்லை. பேச்சித்தாயே குனிந்து கழற்றினாள். இரண்டு கொலுசு. பிறகு இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண்.

முள் இறங்கியது.

ஆறு இருநூறு.

அவள் பேனாவை மஞ்சளுக்கு நகர்த்தினாள். புள்ளி சிறியதுதான். வைத்து முடிக்க நேரம் பிடித்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பாட்டில்லதான் குடுக்கேன்" என்றாள், அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தண்ணியா."

பேச்சித்தாய், கொலுசு சத்தம் போடாதபடி கையை மூடிக்கொண்டாள்.