செம்பி பள்ளியில் சேரப் போன நாள்

மரங்கொத்தி செம்பிக்குச் சிறகு முளைத்ததும் வீட்டில் இதே பேச்சுதான். அம்மாவோடு மரவேலைக்குப் போவதா, கிளி வாத்தியார் பச்சைமுத்துவிடம் பேச்சுக்கலை படிப்பதா?

"காலமெல்லாம் மரத்தில் முட்டிக்கொண்டு நீ என்ன கண்டாய்?" என்று கேட்டேவிட்டாள் செம்பி.

அம்மா கோபப்படவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றாள்.

மழை விட்டதும் செம்பி வாத்தியாரின் பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். சுவர் முழுக்க, அவள் வீட்டில் தினமும் பார்க்கும் அதே கொத்துத் தடம்.

"ஐயா, இது எங்கம்மா குடைந்த வீடு!"

"குடைவதாவது? பொந்து மரத்தில் தானாக வருவதுதானே" என்றார் பச்சைமுத்து. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு படித்தவருக்கு இதுகூடவா தெரியாது?

அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி அலறினாள். வாசல் விளிம்பு இற்றுப்போய், மழைத்தண்ணீர் பொந்துக்குள் தேங்கியிருந்தது. மூன்று முட்டைகளும் அதில் பாதி முழுகிக் கிடந்தன. பச்சைமுத்து மழையைப் பற்றிய செய்யுள் ஒன்றை முணுமுணுத்தார். வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிர, செம்பியின் அலகு அதுவரை மரத்தைத் தொட்டதில்லை. பொந்தின் அடிமட்டத்தை வெளியிலிருந்து கணித்துக் கொத்தினாள். தலை கிறுகிறுத்தது. நிறுத்தாமல் கொத்தினாள். ஓட்டை விழுந்து தண்ணீர் வடிந்தது. முட்டைகள் தப்பின.

பச்சைமுத்து அந்த ஓட்டையையும் சுவரிலிருந்த கொத்துத் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கே வகுப்புக்கு வந்துவிடம்மா" என்றார்.

"வகுப்பு இருக்கட்டும் ஐயா. உங்கள் மாணவர்கள் எந்தெந்தப் பொந்தில் குடியிருக்கிறார்கள், சொல்லுங்கள். அங்கேயும் தண்ணீர் தேங்கியிருக்கும்" என்றாள் செம்பி.