பிலியானாவுக்கு மட்டும் திட்டு

"கண்ணாடி மேல மூக்கை வைக்காதே, பொண்ணே."

பல்கேரியச் சிற்றூர் ஒன்றின் அருங்காட்சியகக் கூடத்தில் இருந்த பன்னிரண்டு குழந்தைகளும் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் ஸ்தோயன்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்து வெள்ளிக் குவளை இது. மான் தலை மாதிரி செஞ்சு, அதுல ராஜா மது குடிச்சிருக்கார். உன் மூச்சு பட்டு மங்கணுமா?"

பிலியானா தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். ஒன்பது வயது. இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருக்கிறாள். யாரோடும் பழக்கமில்லை.

அருங்காட்சியகப் பணியாளர் ராதோஸ்தினா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடைத் திட்டம் அவள் ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் ஊர்க் குழந்தைகள் வருவார்கள். அவள் ஏழு கேள்விகளை வாசிப்பாள். காட்சிப் பெட்டிகளுக்குக் கீழே உள்ள குறிப்புகளைப் படித்துக் குழந்தைகளே விடை கண்டுபிடிக்க வேண்டும். விடையை எழுதலாம், இல்லையென்றால் வரையலாம்.

இயக்குநர் அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார். "ஒரு புகார் வந்தாலும் நிறுத்திடுவேன்" என்று சொல்லியும் இருந்தார்.

"இங்கயும் வந்துட்டியா?" மறுபடி ஸ்தோயன்கா. மறுபடி பிலியானா. "தேர்ச் சக்கரத்தைத் தொடாதே. ராஜாவோட ரெண்டு குதிரையையும் சேர்த்துப் புதைச்ச மேட்டுல எடுத்தது. நீ சாய்ஞ்சு நிக்கறதுக்கா தோண்டி எடுத்தாங்க?"

ராதோஸ்தினா ஸ்தோயன்காவின் பக்கத்தில் போனாள். "அக்கா, அந்தப் பொண்ணு எதையும் தொடலையே."

"தொட்டிருப்பா. என் வேலையை நான் பார்க்கறேன்."

பதினொரு பேரை விட்டுவிட்டு ஏன் இந்த ஒருத்தியின் பின்னாலேயே போகிறாள்? ராதோஸ்தினாவுக்குப் புரியவில்லை. ஸ்தோயன்கா கறார்தான், ஆனால் குழந்தைகளைக் கடிந்து பேசி அவள் பார்த்ததில்லை.

மண்விளக்குப் பெட்டி, செம்புக் கண்ணாடிப் பெட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் பிலியானாவுக்குத் திட்டு விழுந்தது. ஐந்தாவது திட்டில் ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவதில் இரட்டையர் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

அந்த இரட்டையரின் அம்மா நெவேனா வக்கீல். நேராக ஸ்தோயன்காவிடம் வந்தாள்.

"அந்தக் குழந்தை உங்களுக்கு என்ன பண்ணிச்சு? பழைய செருப்பு போட்டிருக்கு, திருடிடும்னு நினைச்சீங்களா?"

ஸ்தோயன்கா பெட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"கேக்கறேன்ல, பதில் சொல்லுங்க."

"கூடத்துல சத்தம் போடாதீங்க, மேடம்."

நெவேனா வாசலில் இருந்த கருத்துப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.

அரைமணி நேரத்தில் இயக்குநர் ராதோஸ்தினாவையும் ஸ்தோயன்காவையும் கூப்பிட்டு அனுப்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? திட்டத்தை மூடிடலாம்" என்றார் ராதோஸ்தினாவிடம்.

ஸ்தோயன்கா முந்திக்கொண்டாள். "திட்டத்துல ஒரு தப்பும் இல்ல சார். திட்டினது நான்."

"ஏன் திட்டினீங்க?"

"கோபம் வந்துச்சு."

இயக்குநர் பணி அட்டவணையை எடுத்தார். "சரி. இனிமே சனிக்கிழமை உங்களுக்குக் கூடம் கிடையாது. பின்முற்றத்துல கல்வெட்டுகளுக்குக் காவல் இருங்க. வெயிலா இருக்கும், தொப்பி போட்டுக்குங்க."

ராதோஸ்தினா தன் மேசைக்கு வந்து குழந்தைகளின் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். எல்லாரும் நான்கு, ஐந்து விடைகள் எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் ஏழுமே சரி.

அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் படங்கள். மான் தலைக் குவளை. சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குதிரைகள், கால் நீட்டிப் படுத்தபடி. மூலையில் பிலியானா என்ற பெயர். அது ஆங்கில எழுத்தில் இருந்தது, பல்கேரிய எழுத்திலேயே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு நடந்தாள். ஸ்தோயன்கா கல்வெட்டின் நிழலில் உட்கார்ந்து தக்காளியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு நம்ம எழுத்து தெரியாதா?"

ஸ்தோயன்கா தாளைப் பார்த்தாள். "குதிரை நல்லா வந்திருக்கு" என்றாள்.

"சொல்லுங்க அக்கா."

"பொறந்ததே ஸ்பெயின்லயாம். நம்ம பேச்சு நல்லா பேசறா, படிக்கத்தான் வரல. மூணு வாரம் முன்னாடிதான் குடும்பத்தோட திரும்பி வந்திருக்காங்க. காலையில ஆம்பளைங்க கழிப்பறைக் கதவைத் திறக்கப் போனா. எம்னு போட்டிருந்தா ஸ்பெயின்ல பொம்பளைங்களுக்காம், நம்ம ஊர்லதான் அது ஆம்பளைங்களுக்கு. நான்தான் கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுதா."

ராதோஸ்தினா ஒவ்வொரு திட்டாக நினைத்துப் பார்த்தாள். எந்த வருஷம், எந்த மேடு, எந்த ராஜா என்று எல்லாமே பெட்டிக் குறிப்புகளில் இருந்த வரிகள்.

"வக்கீலம்மா அவ்வளவு பேசினாங்களே. உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது."

"பக்கத்துல நின்னு மெதுவாப் படிச்சுக் காட்டியிருக்கலாமே, அக்கா. எதுக்குத் திட்டணும்?"

ஸ்தோயன்கா ஒரு துண்டுத் தக்காளியை அவளிடம் நீட்டினாள்.

"படிச்சுக் காட்டினா, படிக்கத் தெரியாதவள்னு பசங்க சிரிப்பாங்க. திட்டினா, பாவம்னு வந்து கையைப் பிடிச்சுக்குவாங்க."