சொல்பேச்சு கேளாதவள்

"நீ பிடிச்ச பிடிவாதத்துக்குக் கடைசியில கிடைச்சது இதுதானா, யோருன்?" என்றான் ஸ்டைனார், ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்திருந்த காகிதத்தை உரித்தபடி.

யோருனின் டப்பாவில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி தொடப்படாமல் கிடந்தது. வெளியே பெர்கன் நகரம் வழக்கம்போல் நனைந்துகொண்டிருந்தது.

சால்மன் மீனின் மரபணுவில் எங்கே என்ன மாறியிருக்கிறது என்று தேடித்தரும் மென்பொருளை அவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து வளர்த்துவந்தார்கள். இலவசம்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். கோடைதோறும் ஒரு மாணவர் வந்து அதில் வேலை பழகுவார். இந்த வருடம் ஸ்டைனார் வேறொருவனைச் சொன்னான். யோருன்தான் மல்லுக்கு நின்று, தொலைவில் துரோம்சோ நகரில் படிக்கும் சில்யேவைத் தேர்ந்தெடுத்தாள். "எழுதி வெச்சுக்கோங்க, இவ பிரமாதமா வருவா" என்று குழுவின் முன்னால் அடித்துச் சொன்னதும் அவள்தான்.

"ஒரு வரி வேலை" என்றான் ஸ்டைனார். "நம்ம மென்பொருள் ஒண்ணுலேர்ந்து எண்ணும். அவ பூஜ்யத்துலேர்ந்து எண்ணியிருக்கா. கண்டுபிடிக்கிற இடமெல்லாம் ஓரெழுத்து தள்ளிப்போய் நிக்குது. மாத்தச் சொன்னியா, இல்லையா?"

"சொல்லாம இருப்பேனா? ஜூலையில ஏரிக்கரை வீட்டுக்குப் போனேன் பாரு, அங்கயும் இதே வேலைதான். வீட்டுல எல்லாரும் படகுல ஏறி உக்காந்துக்கிட்டுக் கத்துறாங்க. நான் படிக்கட்டுல உக்காந்து, நம்ம வெப்சைட்ல அவ போட்டிருந்த புரோகிராமை வரிவரியாப் படிச்சு, பக்கத்துலயே குறிப்பு எழுதினேன். கடைசிக் குறிப்பு எழுதின கையோட கம்ப்யூட்டரை மூடிட்டுப் படகுக்கு ஓடினேன்."

"அவ என்ன சொன்னா?"

"ரெண்டு நாள் கழிச்சு, 'பார்த்தீங்களா'ன்னு கேட்டிருந்தா. 'பார்த்தாச்சு, இனி உன் கையில'ன்னு பதில் போட்டேன். 'சரி'ன்னா. அதோட சரி. நான் சொன்னதை மட்டும் தொடல, மத்ததையெல்லாம் மாத்தி மாத்தி அனுப்புறா. பேரை மாத்துறா, வரிசையை மாத்துறா, போன வாரம் முழுசாவே திருப்பி எழுதிட்டா. அந்த ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கு."

"திமிர்" என்றான் ஸ்டைனார்.

யோருனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தத் திமிரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது தான்தானே. குழுக் கூட்டத்தில் இனி எந்த முகத்தோடு வாய் திறப்பது?

மாணவர்களுக்குப் பாதிக் கோடையில் ஒரு மதிப்பீடு உண்டு. அதற்கு இன்றுதான் கடைசி நாள். 'தேறவில்லை' என்று அழுத்தினால் சில்யேவின் கோடை அதோடு முடிந்தது. அழுத்திய பிறகு மாற்றவும் முடியாது.

"எதுக்கும் ஒரு தடவை நேர்ல கேட்டுட்டுப் போடு" என்றான் ஸ்டைனார்.

யோருன் வீடியோவில் அழைத்தாள். திரையில் சில்யே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சரியாகத் தூங்கி வெகுநாள் ஆனவளைப் போலிருந்தாள்.

"நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன், சில்யே. ஏம்மா இப்படிப் பண்றே?"

"இனி உன் கையிலன்னு சொன்னீங்க. அதான், நானே யோசிச்சு யோசிச்சு மாத்தினேன்."

நானே யோசிச்சு! ஸ்டைனார் உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லா யோசிச்சே. எதைச் செய்யணுமோ அதை மட்டும் விட்டுட்டே."

சில்யே தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கயோ பெரிய தப்பு இருக்குன்னு தெரியுது. உங்களுக்குப் பிடிக்கலைன்னும் தெரியுது."

"அப்ப வாயைத் திறந்து கேக்கிறதுக்கு என்ன?"

"மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு. வெப்சைட்ல எழுதுறதை உலகமே படிக்கும். இதுகூடத் தெரியாமலா வந்தேன்னு நினைப்பாங்க இல்ல?"

நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டாள் யோருன். இவளுக்காகவா அத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா."

"மன்னிச்சிடுங்க. என்னை நம்பி எடுத்தீங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றாள் சில்யே. அவள் குரல் உடைவதற்குள் திரை இருண்டது.

யோருன் 'தேறவில்லை'யை அழுத்தினாள். அழுத்திவிட்டு ஸ்டைனாரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் ரொட்டி டப்பாவை மூடினாள்.

"விடு, குழுவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றான் அவன், இரக்கப்பட்டு. "நீ எழுதின குறிப்பையெல்லாம் காட்டினா ஒருத்தனும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டான்."

தன் கணினியில் சில்யேவின் புரோகிராம் இருந்த பக்கத்தைத் திறந்தான். கீழே போனான், மேலே வந்தான், மறுபடி கீழே போனான்.

"எங்க இருக்கு?"

"ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துலதான் இருக்கே. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

"போட்டுக்கிட்டுதான் பார்க்கிறேன். அவ எழுதினது இருக்கு. நீ எழுதினது ஒண்ணும் இல்லையே."

யோருன் சலித்துக்கொண்டே தன் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். அதில் எல்லாம் இருந்தன. 'ஒன்றிலிருந்து எண்ணு.' 'இந்த இடம் அருமை, தொடாதே.' படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியதில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

"இப்பத் தெரியுதா?" என்றாள்.

ஸ்டைனார் அவள் திரையில் பக்கத்தின் அடியில் விரலை வைத்தான்.

எழுதிய குறிப்புகளை மொத்தமாக மாணவருக்கு அனுப்பிவைக்கும் பச்சைப் பொத்தான் அங்கே ஜூலையிலிருந்து அழுத்தப்படாமல் கிடந்தது. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் சின்னதாக, மஞ்சள் நிறத்தில் எழுதியிருந்தது: 'இது உங்களுக்கு மட்டுமே தெரியும்.'