அழித்தது போக மிச்சம்

அரை நாளில் நகரத்தின் பலவகை மக்களையும் பார்த்துவிட வேண்டுமாம் எங்கள் அடுக்குமாடிக்காரர்களுக்கு. வேன் போகும் வழியைத் திட்டமிடுவது என் தலையில் விழுந்தது. குடியிருப்போர் சங்க அறையின் வெள்ளைப் பலகையில் நகரத்தையே வரைந்து வைத்தேன்.

“தர்கா தெருவா? பிரியாணி வாசனையே எனக்கு ஆகாது” என்று குமுதவல்லி அம்மாள் உள்ளங்கையால் அதை அழித்தார். “அக்ரகாரத்துல செருப்பைக் கழட்டச் சொல்வாங்க” என்று செயலாளர் சபாரத்தினம் அதைத் துடைத்தார். மீனவர் குப்பத்தில் நாற்றம், சேட்டுகள் தெருவில் நெரிசல் என்று அவையும் அழிந்தன.

“அப்புறம் எதைத்தாங்க பார்க்கப் போறீங்க?” என்று கத்தினேன்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. அதான் மிச்சம் இருக்கே” என்றார் சபாரத்தினம்.

மிச்சம் இருந்தது எங்கள் தெரு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் புளிசாதமுமாக எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். வேன் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தது. தன் புடவை காயும் தன் பால்கனியைப் பார்த்துக் குமுதவல்லி அம்மாள் முகத்தைச் சுளித்தார்.

“ஐயே, இங்கெல்லாம் எப்படித்தான் குடியிருக்காங்களோ!”

சபாரத்தினம் எழுந்துவந்து, பால்கனி தெரிந்த ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் துடைக்கத் தொடங்கினார்.