கழுத்தில் தொங்கும் பொத்தான்

இட்லித் தட்டைக் கழுவச் சக்கர நாற்காலியிலிருந்து தொட்டியின் மேல் சாய்ந்தபோது, இன்பவல்லியின் கழுத்தில் தொங்கிய சிவப்புப் பொத்தான் விளிம்பில் பட்டு அழுந்திவிட்டது. மாடி வீடுகளில் மணி அலறியது. தனியாகத்தான் இருப்பேன் என்று அவள் இங்கே குடிவந்தபோது குடியிருப்பில் கூட்டம் போட்டுச் செய்த ஏற்பாடு அது. மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஓடித்தான் வந்தார்கள். செயலாளர் தங்கப்பனின் ஒரு கன்னம் முழுக்கச் சவர நுரை. மேல்வீட்டு ரெஜினாவின் கையெல்லாம் மாவு. "எங்கேம்மா விழுந்தீங்க?" என்றார் தங்கப்பன். அவள் விழவில்லை. தவறிப் பட்டுவிட்டது என்றால் அடுத்த முறை யார் ஓடிவருவார்கள்? தலைசுற்றல் என்றால் தங்கப்பன் அவளுடைய அண்ணனுக்குச் சொல்லிவிடுவார். ஒரு தடவை விழட்டும், என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று காத்திருப்பவர் அண்ணன். கன்னத்து நுரை காயத் தொடங்கியது. "சும்மா... வேலை செய்யுதான்னு அழுத்திப் பாத்தேன் சார்." ரெஜினா மாவுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "உசுரே போயிடுச்சுக்கா!" தங்கப்பன் சிரிக்கவில்லை. படியேறும்போது அவர் ரெஜினாவிடம் சொன்னது உள்ளே கேட்டது. "இனிமே மணி அடிச்சா மொதல்ல ஒரு போனைப் போட்டுக் கேட்டுக்குவோம். எடுக்கலைன்னா பாத்துக்கலாம்." இன்பவல்லியின் செல்போன் படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். சமையலறைத் தரை ஈரமாக இருந்தது.