மேல் போல்ட்

இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கைகளையும் பாதங்களையும் தவிர உடம்பில் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

வெளியே சொல்லவில்லை. சொன்னால் மச்சான் காலைப் பிடித்து இழுப்பான். போன தடவை அவன் இழுத்ததில் பத்து நாள் படுத்துக் கிடந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் உலகம் முழங்காலுக்குக் கீழேதான். மனைவியின் தேய்ந்த செருப்பு. அவள் தம்பியின் பளபளக்கும் ஷூ. மகளின் கான்வாஸ் ஷூ, கட்டைவிரல் பக்கம் ஓட்டையோடு. கொஞ்சம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால், வண்டிக்காரரின் தோல் செருப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள். காலையிலிருந்து நான் போடும் வசவையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயே திறக்காமல் காத்திருந்தார்.

மகள் கையில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று மெக்கானிக் பயிற்சிப் பள்ளி, இரண்டு வருடம். இன்னொன்று ஆட்டோமொபைல் இன்ஜினியரிங், நாலு வருடம். இரண்டுக்கும் அன்று ஐந்து மணியோடு கடைசி. எதைக் கொடுப்பதானாலும் அப்பன் கையெழுத்து வேண்டும்.

மணி நாலு.

"அத்தான், ஒரு முடிவச் சொல்லுங்க," என்று மச்சான் என் பாதங்களிடம் கேட்டான். குனிந்தால் பேண்ட் மடிப்பு கலைந்துவிடும் அவனுக்கு.

என் முடிவு இருபது வருடத்துக்கு முன்பே எடுத்தது. என் வீட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் கிளம்பக் கூடாது.

காரணம், இந்த மாடல் வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார். அதைக் கழற்ற இரண்டு போல்ட். கீழ் போல்ட் தங்கம். மேல் போல்ட் ஒரு குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கை போகாது. ஸ்பேனரை நெருப்பில் காய்ச்சி வளைத்து உள்ளே விட்டால் ஒரு தடவைக்கு ஒரு நூல் திரும்பும். ஒவ்வொரு தடவையும் விரல் முட்டியில் தோல் உரியும்.

அதை அங்கே வைத்தவனை ஒருநாள் நேரில் பார்த்துக் கன்னத்தில் அறைய வேண்டும் என்பது என் ஆசை. நான் கழற்றிய வண்டிக்கு ஒரு அறை என்று கணக்குப் பார்த்தால் அவன் உயிரோடு மிஞ்ச மாட்டான். அதனால் தள்ளுபடி எல்லாம் போக, ஒன்றே ஒன்று என்று வைத்திருந்தேன்.

"அந்த போல்ட்ட எடம் மாத்தத்தான்பா நான் இன்ஜினியரிங் கேக்குறேன்," என்றாள் மகள்.

"நாலு வருஷம் படிச்சிட்டு நீயும் அங்கயேதான் வைப்ப. அவனும் படிச்சவன்தான்டி."

"பேசிப் பிரயோஜனமில்ல," என்றான் மச்சான். "அத்தான், எடது கால ஆட்டுனா பயிற்சிப் பள்ளி. வலது கால ஆட்டுனா இன்ஜினியரிங். ஆட்டுங்க."

அந்த நேரம் பார்த்து இடுப்பில் சுருக்கென்று ஒரு வெட்டு. இரண்டு கால்களும் உதறின.

"ரெண்டும் ஆடுதே," என்றாள் மனைவி.

"வலது கொஞ்சம் கூட ஆடிச்சுக்கா."

"அது எடதுடா. அவர் மல்லாந்து கெடக்குறாரு."

மணி நாலரை. மச்சான் தோல் செருப்பின் பக்கம் திரும்பினான். "சார், நீங்க பொதுவான ஆளு. நீங்களே சொல்லுங்க."

செருப்பு மெதுவாக வண்டியின் அருகே வந்து நின்றது.

"கார் கம்பெனியில முப்பது வருஷம் இன்ஜினியரா, வண்டிக்குப் படம் வரையற செக்‌ஷன்ல இருந்தேன்," என்றார் வண்டிக்காரர். "அந்த மேல் போல்ட் நான் வெச்சதுதான். காலையிலேர்ந்து இவரு திட்டுறது என்னயத்தான்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, ஊர்ந்து என் பக்கத்தில் வந்தார். ஒரு சாண் தூரத்தில் அந்தக் கன்னம். சுத்தமாக மழித்திருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது முட்டியில் ரத்தம்.

"காகிதத்துல நெறைய எடம் இருந்துச்சுங்க," என்றார். "எங்க செக்‌ஷன்ல ஒருத்தர்கூட வண்டிக்கு அடியில படுத்ததில்ல."

கையை ஓங்கினேன். முழங்கை குழாயில் இடித்தது. மறுபடி ஓங்கினேன், மறுபடி இடித்தது. அங்கே கை ஓங்க இடமில்லை. அதுவும் அவர் வரைந்ததுதான்.

"அப்பா, மணி நாலே முக்கால்."

"இன்ஜினியரிங் தாளக் குடு," என்றேன். "ஆனா வாரத்துல ஒருநாள் இங்க வந்து படுக்கணும்."

பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. தாளை வைக்க வேறு இடமில்லாமல் அவர் நெஞ்சின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை ஷூ தெருவைப் பார்க்க ஓடியது.

"எந்திரிங்க சார்," என்றேன்.

"முடியலங்க. இடுப்பு பிடிச்சிக்கிச்சு."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு பாதங்களில் எதை இழுப்பது என்று தெரியாமல் பளபளப்பு ஷூ இங்கும் அங்கும் நடந்தது.

படுத்தபடியே அவர் கேட்டார். "அந்த இன்னொரு விண்ணப்பம் சும்மாதான கெடக்கு? பயிற்சிப் பள்ளியில வயசு வரம்பு எதுவும் இருக்கா?"

மச்சான் தாளை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, வயது வரம்பு இல்லை, ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்றான்.

இப்போது அவர் முதல் வருடம். சனிக்கிழமை தோறும் சீருடையோடு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம் மகள்.

அவருக்கு நான் தரவேண்டிய ஒரு அறை மட்டும் இன்னும் பாக்கி.